மூடி திறக்காதவர்களின் பேரவை

கமீலாவின் மூக்கு கொரோனாவோடு போனது. காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது, இருமல் இருபதாம் நாள் விட்டது, போன மணம் மட்டும் மூன்று வருடமாகத் திரும்பி வரவில்லை. சாய்ந்தமருதில் அவளைக் கண்டவர்கள் இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். "நல்லதுதானேகா, மீன் மார்க்கட்டுக்குள்ளால மூக்கைப் பொத்தாமப் போகலாம்" என்றார்கள்.

ஆனால் கமீலா சோற்றுப் பார்சல் விற்கிறவள். தேங்காய்ப்பால் புளித்ததும் அவளுக்குத் தெரியாது, பருப்பு அடிப்பிடித்ததும் தெரியாது. அதனால் புருசன் இன்ஸாப் ஒவ்வொரு காலையும் ஓட்டோவை எடுக்க முன்னர் அடுப்படிக்கு வந்து, சட்டி சட்டியாகக் குனிந்து மோந்து, "இது சரி, இது சரி, இதுல கறிவேப்பிலை கருகிட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அவனுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தால் அன்று பார்சல் இல்லை. இரண்டு அலுவலகங்களும் ஒரு வங்கியும் வேறு கடைக்கு மாறிப்போயின.

ஒருநாள் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மணம் வந்தது. கமீலா பயந்துபோனாள். ஜம்புப்பழத்தைக் கடித்த வாயோடு மல்லிகைப் பந்தலுக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. தேடிப் பார்த்தால், றியாதிலிருந்து லீவில் வந்த தங்கச்சி ஹிமாயா எப்போதோ கொடுத்த செண்ட் போத்தல். இளஞ்சிவப்புக் கண்ணாடி, பொன்னிற மூடி, 'ஸபீனா ஒன்பது' என்று பெயர். அன்று முழுக்க உள்ளி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஸபீனா ஒன்பது மட்டும் மணத்தது.

டொக்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "ஒண்டாவது பிடிபடுதே, அதை விட்டிராதீங்க. ஒவ்வொரு நாளும் மோந்து பாருங்க. ஒண்டைப் பிடிச்சா அதுக்குப் பின்னால மற்றது வரும். எப்ப வரும் எண்டு என்னால சொல்ல ஏலா."

கமீலா கிழமைக்கு ஒருதரம் கைதுடைக்கும் லேஞ்சியில் ஒரு அடி அடித்து, மற்ற நாட்களில் அந்த லேஞ்சியையே மோந்துகொண்டாள். அப்படிச் சிக்கனமாக இருந்தும் போத்தலில் இரண்டு விரல் உயரம்தான் மிஞ்சியது. இன்ஸாப் கல்முனை, அக்கரைப்பற்று என்று கடை கடையாக ஏறி இறங்கினான். "அது நிப்பாட்டியாச்சு காக்கா. கொம்பனி இப்ப செய்யிறல்ல" என்றார்கள்.

பிறகு ஒருநாள் அவனுடைய ஓட்டோவில் மடியில் ஒரு பெட்டியை அணைத்தபடி ஒரு வாலிபர் ஏறினார். பள்ளம் வந்தபோதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். அவர்தான் நிப்றாஸ், கல்முனைப் பிராந்திய அரிய வாசனைச் சேகரிப்பாளர் பேரவையின் செயலாளர். பெட்டிக்குள் இருந்தது ஸபீனா ஒன்பது.

"இது படம் பிடிக்கக் கொண்டுபோனது, எங்கட பேரவைக்கிட்ட இப்படி அஞ்சு போத்தல் இரிக்கு" என்றார் நிப்றாஸ். "இலங்கையில வேற எங்கேயும் இல்ல."

இன்ஸாப் பிரேக்கைப் பிடித்த பிடியில் செயலாளர் பெட்டியோடு முன்சீட்டில் முட்டிக்கொண்டார்.

பேரவை கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இயங்கியது. உள்ளே ஒரு கண்ணாடி அலுமாரி. மண்டபத்தில் இருந்த ஒரே குளிரூட்டி அந்த அலுமாரிக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. போத்தல்கள் பதினெட்டுப் பாகையில் இருந்தன. உறுப்பினர்கள் வேர்த்துக்கொண்டு இருந்தார்கள். மின்விசிறி போடும் யோசனை, காற்றடித்தால் வாசனைக்குக் கேடு என்ற காரணத்தால் இரண்டு வருடமாக உபகுழுவில் கிடந்தது. மூடி திறக்காத போத்தலுக்குள் காற்று எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதானால் பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

கமீலா படியேறி வந்ததும் கூட்டம் திகைத்தது. பேரவையின் யாப்பில் பெண்கள் பகுதி இருந்தது, பெண்கள்தான் இருக்கவில்லை. கூட்டத்தை நாற்பது நிமிடம் ஒத்திவைத்து, கீழே கடையில் பன்னிரண்டு யார் நீளத்துக்குப் பச்சைத் துணி எடுத்து, மண்டபத்தின் குறுக்கே திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பதினேழு ஆண்கள். இந்தப் பக்கம் கமீலாவும் ஒரு கதிரையும். இன்ஸாப் எந்தப் பக்கம் இருப்பது என்று வாதம் நடந்து, கடைசியில் திரையின் ஓரத்தில், ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக இருத்தப்பட்டான்.

கூட்டம் ஒரு நிமிட ஆழ்ந்த மூச்சோடு ஆரம்பமானது. எல்லோரும் அலுமாரியை நோக்கி நின்று மூச்சை இழுத்தார்கள். அதற்குப் பிறகு தலைவர் சுபியான் ஹாஜியார் எழுந்தார். சம்மாந்துறையில் அவருக்கு இரண்டு அரிசி ஆலை.

"ஸபீனா ஒன்பது என்பது ஒரு செண்ட் அல்ல, அது ஒரு காலகட்டம்" என்றார் தலைவர். "முதலில் பீச் பழமும் லைச்சியும் வந்து நம்மை வரவேற்கும். பிறகு மல்லிகை வந்து நம்மை இருத்தும். கடைசியில் வெண்கஸ்தூரி வந்து நம்மை வழியனுப்பும். இதையெல்லாம் நான் மூன்று இணையத்தளங்களில் வாசித்திருக்கிறேன்."

"நீங்க மோந்து பாக்கல்லயா ஹாஜியார்?" என்று திரைக்குள்ளிருந்து கமீலா கேட்டாள். அறிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்தப் பக்கம் கதிரைகள் கிறீச்சிட்டன.

"தங்கச்சி" என்றார் தலைவர், மிகவும் பொறுமையாக. "வாசனையை மோந்து பார்க்கிறவன் அதைச் செலவழிக்கிறான். மோந்து பார்க்காதவன் அதை மதிக்கிறான். பன்னிரண்டு வருடமாக இந்தப் போத்தல்களின் மூடியில் என் விரல் பட்டதில்லை. எனக்கும் ஆசை வந்தது. ஒருமுறை மூடிவரைக்கும் கைபோனது. ஆனால் திறந்து, அது நான் வாசித்ததைப்போல இல்லாவிட்டால் நான் என்ன செய்வது? பன்னிரண்டு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ஆபத்திலிருந்துதான் இந்தப் பேரவை உங்களையெல்லாம் பாதுகாத்து வருகிறது."

கைதட்டல் எழுந்தது. தலைவர் நெற்றியில் வழிந்ததைத் துடைக்க எதையோ தேடினார். கைக்கு எட்டியது திரையின் ஓரம்தான். கமீலாவின் பக்கத்தில் பச்சைத் துணியில் ஒரு முகத்தின் வடிவம் வந்து, அழுந்தி, போனது. அவர் இருந்த இடம் திரையை ஒட்டியிருந்ததால், அதன்பின் ஒவ்வொரு உரைக்கும் முடிவில் அந்த முகம் அதே மூலையில் வந்து போவது வழக்கமானது.

கமீலா தன் நிலையைச் சொன்னாள். ஒரு போத்தல் தந்தால் பேரவைக்கு வாழ்நாள் முழுக்க வெள்ளிக்கிழமைச் சோறு தன் பொறுப்பு என்றாள். செயலாளர் யாப்பைப் புரட்டினார். போத்தல் உறுப்பினருக்குத்தான் கொடுக்கலாம். உறுப்பினராவதற்கு உண்மையென்று நிரூபிக்கப்பட்ட ஒரு போத்தல் கையில் இருக்க வேண்டும்.

"எனக்கிட்ட ஒண்டு இரிக்கே" என்றாள் கமீலா.

"இரிக்கிறது வேற, நிரூபிக்கிறது வேற" என்றார் நிப்றாஸ்.

விண்ணப்பம் ஒன்பது பக்கம். 'விண்ணப்பதாரர் வாசனையொன்றை மோந்து எப்போதாவது அழுதுள்ளாரா? ஆம் எனில் சாட்சிகள் இருவரின் கையொப்பம்' என்றொரு கேள்வி. கமீலா 'ஆம்' என்று போட்டாள். அந்த மணம் முதலில் வந்த அன்று வீட்டு அலுமாரியடியில் அவள் அழுததற்கு இன்ஸாப் ஒரு சாட்சி. மற்ற இடத்தில் பக்கத்து வீட்டு சரீபா மாமி கையொப்பம் வைத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உறுதிமொழிப் பத்திரம் என்று நினைத்து அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொடுத்தார்.

பரிசோதனைக்கு அழகரெத்தினம் சேர் வந்தார். அவர் கல்முனையில் இரசாயனவியல் ரியூசன் கொடுப்பவர்; பேரவையின் நாசி நிபுணர். தாளில் அடித்தால் தாளின் மணம் கலந்துவிடும், தோலில் அடித்தால் அவரவர் சவர்க்காரம் கலந்துவிடும், ஆகவே புதுத் துணி வேண்டும் என்றார். மண்டபத்திலிருந்த ஒரே புதுத் துணி திரைதான்.

கமீலா போத்தலைத் திரைக்குக் கீழால் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் 'சிஸ்' என்று கேட்டது. அவளுக்குச் சத்தமும் கேட்டது, மணமும் வந்தது. வெட்கத்தை விட்டு எழுந்து திரையில் மூக்கை வைத்து இழுத்தாள்.

"மேல்மணம் பெற்றோம்" என்றார் அழகரெத்தினம் சேர். "நடுமணத்துக்கு அரை மணித்தியாலம் காத்திருக்கணும். அடிமணத்துக்கு நாலு மணித்தியாலம்."

அரை மணித்தியாலத்தில் அவருக்கு வகுப்பு இருந்தது. போய்விட்டு வந்தபோது நடுமணத்தின் நேரம் தாண்டிவிட்டது. ஆகவே இன்னொரு அடி. அடிமணம் வர முன்னர் மண்டபத்தைப் பூட்ட வேண்டியதாயிற்று. ஆகவே அடுத்த கிழமை முதலிலிருந்து. பரிசோதனைக் குழுவில் ஏழு பேர். ஒருவர் மோந்த இடத்தை இன்னொருவர் மோப்பது சுயாதீனத்தைப் பாதிக்கும் என்பதால் ஆளுக்கொரு இடம், ஆளுக்கு மூன்று அடி. 'சிஸ்', 'சிஸ்' என்று கேட்கக் கேட்க கமீலா திரைக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணினாள். விரல்கள் போதவில்லை.

இன்ஸாப் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் போத்தலில் மாக்கர் பேனையால் ஒரு கோடு கீறினான். மூன்றாவது கோட்டில் ஒரு விரல்தான் மிஞ்சியது.

"இஞ்சாருங்க, விட்டிருவமா?" என்றாள் கமீலா, ஓட்டோவில்.

"விட்டா இதுவரைக்கும் அடிச்சது வீணாப்போயிரும்" என்றான் இன்ஸாப். "பிடிச்சா முழுப் போத்தல் ஒண்டு. அதை மட்டும் நினை."

"அவங்களுக்கு மணக்குதா எண்டே எனக்குச் சந்தேகமா இரிக்கு."

"உன்னைப் போலவா?"

"எனக்கு இதாவது மணக்குதே" என்றாள் கமீலா.

கடைசித் தடை, நாசித் தகுதித் தேர்வு. ஆறு சின்னக் குப்பிகளைத் திரைக்குக் கீழால் தள்ளினார்கள். கமீலா ஒவ்வொன்றாக எடுத்து மோந்தாள். "ஒண்டும் மணக்கல்ல" என்றாள். இரண்டாவதற்கும் அதையே சொன்னாள். மூன்றாவதற்கும். நான்காவதை எடுத்ததும், "இது எண்ட செண்ட்" என்றாள். ஐந்தாவதும் ஆறாவதும் மணக்கவில்லை.

அந்தப் பக்கம் நீண்டநேரம் குசுகுசுப்பு. தோற்றுவிட்டோம் என்று கமீலா போத்தலைக் கேட்டு வாங்க எழுந்தாள். அப்போது அழகரெத்தினம் சேரின் குரல் வந்தது.

"நான் எத்தனையோ மூக்குப் பார்த்திருக்கிறேன். எல்லா மூக்கும் எல்லாத்துக்கும் அலையிற மூக்கு. இது அப்படியில்ல. மற்ற அஞ்சையும் ஒரு பொருட்டாவே எடுக்கல்ல. இப்படி ஒரு ஒழுக்கமான மூக்கை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"கொரோனாவால வந்தது சேர்" என்றாள் கமீலா.

"அடக்கம்" என்றார் தலைவர். செயலாளர் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

பேரவை கமீலாவுக்கு 'தனிநாசி' என்ற பட்டத்தை வழங்கத் தீர்மானித்தது. அதோடு இன்னொரு தீர்மானமும் வந்தது. வருடாந்தக் கண்காட்சியில் ஐந்து போத்தல்களில் ஒன்றை வரலாற்றிலேயே முதல்முறையாகத் திறப்பது, தனிநாசி அதை முதலில் மோந்து பாராட்டுவது, மிச்சத்தை அவளுக்கே அன்பளிப்பாகக் கொடுப்பது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இன்ஸாப் இரண்டு பேருக்கும் ஐஸ்கிறீம் வாங்கினான். கமீலாவுக்கு அது குளிர்ந்தது, இனித்தது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டாள்.

கண்காட்சிக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். பச்சைத் திரையை மேடையில் கட்டியிருந்தார்கள். தலைவர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார், திரையின் மூலையில் ஆறுதரம் முகம் துடைத்தார். பிறகு மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஒரு பஞ்சில் அடித்து, திரைக்குள் நீட்டினார்.

கமீலா மோந்தாள். பஞ்சைத் திருப்பி மோந்தாள். மூக்கைச் சீறிவிட்டு இன்னொருதரம் மோந்தாள்.

ஒலிவாங்கி அவள் பக்கத்தில்தான் இருந்தது. "ஒண்டும் மணக்கல்ல" என்று அவள் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் ஒரு கதிரை சரிந்தது. "பீச், பீச் பழம் எனக்கு இஞ்சவரைக்கும் வருது" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். அவர் கதவடியில் நின்றார். "லைச்சி" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வெண்கஸ்தூரியிலிருந்து ஆரம்பித்தார்.

இன்ஸாப் ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக இருந்தவன், கையை நீட்டிப் பஞ்சை வாங்கி மோந்தான். "ஹாஜியார், குறை நினைக்காதீங்க" என்றான். "இது சலூன்ல ஷேவ் எடுத்தாப் பூசி விடுற தண்ணி."

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அழகரெத்தினம் சேர். கமீலாவின் போத்தலை வாங்கி, எல்லோரும் தெளிவாக உணர்வதற்காகத் திரையின் மேலிருந்து கீழ்வரை அடித்தார். 'சிஸ்', 'சிஸ்', 'சிஸ்'. நான்காவது அடி 'க்ளுக்' என்றது. அவர் போத்தலைக் குலுக்கி இன்னொருதரம் அமுக்கினார். காற்று வந்தது. இன்ஸாப் கீறிய கோடுகளெல்லாம் வெறும் கண்ணாடியில் வரிசையாக நின்றன.

திரைக்குள் கமீலா மடியில் கிடந்த லேஞ்சியை மடித்தாள். மடித்ததை விரித்து, திரும்ப மடித்தாள்.

அவசரப் பொதுக்கூட்டம் அங்கேயே கூடியது. தலைவர் எழும்பியபோது முகம் வெளுத்திருந்தது. பேசப் பேசச் சிவந்தது.

"உறுப்பினர்களே, நிதானமாகச் சிந்திப்போம். நம்மிடம் ஐந்து போத்தல்கள். ஐந்தும் ஒரே வியாபாரியிடம், ஒரே நாளில், ஒரே விலைக்கு நான் வாங்கியவை. ஐந்தும் ஒன்றைப்போல ஒன்று. விண்ணப்பதாரரிடம் ஒரே ஒரு போத்தல். அது நம்முடைய ஐந்தோடும் ஒத்துப்போகவில்லை. ஐந்து பெரிதா, ஒன்று பெரிதா? மணக்கிறது, மணக்கிறது என்கிறார். உண்மையான ஸபீனா ஒன்பது பன்னிரண்டு வருடத்தில் முதிர்ந்து, அலட்டல் எல்லாம் அடங்கி, இப்படித்தான் அமைதியாக இருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மணந்துகொண்டிருக்கிற ஒன்றை நான் எப்படி நம்புவது? நான் இதை வாக்கெடுப்புக்கு விடுகிறேன். எதிர்த்து வாக்களிப்பவர்கள் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்."

யாரும் பெயர் சொல்லவில்லை. செயலாளர் தீர்மானத்தை வாசித்தார்.

"தீர்மானம் ஒன்று: விண்ணப்பதாரரின் போத்தல் போலியானது. இரண்டு: தனிநாசிப் பட்டம் மீளப் பெறப்படுகிறது. மூன்று: மேற்படி போலி வாசனையால் மாசுபட்ட பன்னிரண்டு யார் திரை பேரவையின் வளவில் இருப்பது சேகரிப்பின் தூய்மைக்குப் பாதகம். தண்டனையாக விண்ணப்பதாரர் அதை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் தன் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும்."

"விண்ணப்பதாரர் ஏதும் சொல்ல விரும்புறாரா?" என்றார் தலைவர்.

கமீலாவின் கை ஏற்கனவே திரையின் மேற்கயிற்றில் இருந்தது. "இப்பவே அகற்றுறன்" என்றாள்.

அவள் கழற்றக் கழற்ற அந்தப் பக்கத்து ஆண்கள் பார்வையைக் கீழே போட்டார்கள். பெண்ணுக்காக அல்ல, மாசுக்காக என்று செயலாளர் பின்பு குறிப்பில் தெளிவுபடுத்தினார்.

ஓட்டோவின் பின்சீட் முழுக்கப் பச்சைத் துணி. நடுவில் கமீலா. சாய்ந்தமருதுவரைக்கும் அவள் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. ஆறு கிழமையாக அடித்த அத்தனை அடியும் அங்கேதான் இருந்தது. ஜம்புப்பழமும் மல்லிகையும் இடம் இடமாக, சில இடத்தில் மெல்லிசாக, சில இடத்தில் தலை சுற்றும் அளவுக்கு.

"அழுறியா?" என்றான் இன்ஸாப், கண்ணாடியில் பார்த்து.

"பேசாம ஓட்டுங்க."

இன்ஸாப் திரையைப் பதினாறு துண்டாக வெட்டி, மணம் போகாமல் பொலித்தீன் பைகளில் கட்டி, பழைய பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கினான். கிழமைக்கு ஒரு துண்டு என்று கணக்குப் பார்த்தாள் கமீலா. நான்கு மாதத்துக்கு வரும். அதற்குப் பிறகு என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை.

பதினோராவது துண்டு மூலைத் துண்டு. காலையில் தேங்காய் துருவிவிட்டு வந்து பையைத் திறந்தாள். மல்லிகை வந்தது. அதற்குப் பின்னால், வாசலில் யாரோ தயங்கி நிற்பதுபோல, இன்னொன்று நின்றது. கமீலா துணியைத் தூரமாக வைத்தாள். கிட்ட எடுத்தாள். திரும்பவும் வந்தது. உப்பும் புளிப்பும் கலந்த, மழைநாளில் காயாத சேட்டுத் துணியைப்போன்ற ஒன்று.

ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்த இன்ஸாப்பிடம் ஓடினாள். "இதை மோந்து பாருங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீங்க சொல்லுங்க."

இன்ஸாப் மோந்துவிட்டு முகத்தைச் சுளித்துத் திருப்பினான். "சீ. வேர்வை கா. இது அந்த சுபியான் ஹாஜியார் முகம் துடைச்ச மூலை. மூணு மாசமாகியும் நாறுது."

கமீலா ஓட்டோவின் படியில் இருந்துவிட்டாள். "எனக்கும் நாறுது" என்றாள். "இஞ்சாருங்க, எனக்கும் நாறுது."

இன்ஸாப் என்ஜினை நிறுத்தினான்.

அன்று பார்சல் இருபது நிமிடம் பிந்தியது. அடுத்த நாள் பேரவைக்கு ஒரு கடிதம் போனது: மருத்துவ நோக்கத்துக்காக, தலைவர் அவர்கள் அணிந்து கழுவாத சேட்டு ஒன்றைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்கப்பட்டிருந்தது.

கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னுடைய மணத்துக்கும் சேகரிப்பாளர்கள் இருப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. சேட்டு அங்கேயே கழற்றப்பட்டது. உறுப்பினர்கள் பதினேழு பேரும் எழுந்து நின்றார்கள்.

ஆனால் அவ்வளவு அரிய ஒன்றை, பாவித்துவிடக்கூடிய ஒருவரிடம் கொடுக்க யாப்பில் இடமில்லை. சேட்டை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அரக்கு முத்திரை குத்தி, பதினெட்டுப் பாகையில் ஐந்து போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியை இதுவரை யாரும் திறக்கவில்லை.